செவ்வாய்க்கிழமைப் பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கள்: மருதமுனையிலிருந்து ஒரு திறந்த மடல்

மாவட்டத்தில் சிறுகைத்தொழிலுக்குப் பொறுப்பாக இருக்கும் அலுவலர்களுக்கு,

போன மாதம் உங்களிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. தறிச்சாலைகளுக்கு உத்தியோகத்தர்கள் நேரில் வருவது செலவுக் கட்டுப்பாடு காரணமாக நிறுத்தப்படுகிறது. அதற்குப் பதிலாக 'புத்தாக்கமும் தொழில்முனைவும்' என்று இரண்டு நாள் செயலமர்வு நகரத்து மண்டபத்தில் நடக்கும். வருகிறவர்களுக்குச் சான்றிதழ், தெரிவாகிறவர்களுக்கு இயந்திரம். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். வாசித்துவிட்டு மடித்து வைக்க என்னால் முடியவில்லை.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் எட்டுத் தறி வைத்திருக்கிறவள். சாறன், படுக்கை விரிப்பு, இடைக்கிடை சேலை. பழைய தறிச்சாலை 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனது. இப்போதுள்ளது அதற்குப் பிறகு உதவியாகக் கட்டித் தந்தது. நீங்கள் நடத்திய இதே மாதிரிச் செயலமர்வுகள் மூன்றுக்கு வந்திருக்கிறேன், மூன்று சான்றிதழும் வீட்டில் இருக்கின்றன. ஆகவே கேள்விப்பட்டதை வைத்து எழுதுகிறேன் என்று இந்த மடலைத் தள்ளிவிட வேண்டாம்.

கடைசிச் செயலமர்வில் எனக்கு ஒரு பக்கத்தில் காரைதீவிலிருந்து வந்த, இடியப்பம் அவித்து விற்கிற ஒரு அக்கா. மறுபக்கத்தில் நிந்தவூர்க் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே பாடம். திரையில் நாலு பெட்டி கீறி பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று எழுதச் சொன்னார்கள். அந்த அக்கா 'அச்சுறுத்தல்' பெட்டிக்குள் 'மழை' என்று எழுதினார். விரிவுரையாளர் அதைப் பார்த்துச் சிரித்தார். விறகடுப்பில் அவிக்கிறவருக்கு மழை எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது! பின்னேரம் ஒரு படிவம் தந்தீர்கள்: 'இந்தச் செயலமர்வு உங்களுக்குப் பயனளித்ததா? ஒன்றிலிருந்து ஐந்து வரை.' படிவத்தைச் சேர்த்து எடுத்த உத்தியோகத்தர் பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் ஐந்து போட்டோம், நானும் போட்டேன். அந்த ஐந்துகளைக் கூட்டித்தான் இந்த வருடமும் இதையே நடத்தத் தீர்மானித்தீர்கள் என்றால், அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

இனி, நீங்கள் நிறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் எங்கள் தறிச்சாலைக்கு வந்தார். பெயரை எழுதவில்லை. நல்லது செய்ததற்காக யாரும் சிக்கலில் மாட்டக்கூடாது. பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வருவார். முதல் நாள் என்னை 'மேடம்' என்றார், மூன்றாம் கிழமை நான் 'ராத்தா', அதாவது அக்கா, ஆகிவிட்டேன். நாங்கள் அவரைச் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை என்போம்.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்: "போன மாதம் எத்தனை துணி பழுதாய்ப் போனது?"

"கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம் எண்டா எத்தனை?"

பதில் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. இருபத்தைந்து வருடமாகத் தறிச்சாலை நடத்துகிறேன், பழுதான சாறனை மலிவு விலைக்குத் தள்ளிவிடுகிறேன், மாதத்துக்கு எத்தனை என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அந்தப் பிள்ளை கடைக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தது. அடிமட்டம் வைத்து ஐந்து கோடு கீறியது: திகதி, தறி இலக்கம், நெய்தவர், என்ன பழுது, ஏன். எங்கள் தறிகளுக்கு இலக்கமே கிடையாது. 'மூலைத்தறி', 'பெரியம்மாட தறி' என்றுதான் சொல்வோம். படலைக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ரை எடுத்து ஒன்று முதல் எட்டு வரை எழுதி வைத்தது.

நெய்கிற பெண்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. பழுது எழுதினால் கூலியை வெட்டுவேன் என்று பயந்தார்கள், அதனால் முதல் இரண்டு கிழமை கொப்பி வெறுமையாகவே கிடந்தது. எழுதினதற்காக ஒரு சதமும் குறைக்கமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளை என்னைச் சொல்லவைத்தது. அதற்குப் பிறகுதான் எழுத்து விழத் தொடங்கியது. இதெல்லாம் எந்தத் திரையில் போட்டுக் காட்டுகிற பாடம்?

ஆறாவது கிழமை, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினோம். பழுதில் அரைவாசிக்கு மேல் இரண்டே தறியில், ஏழிலும் எட்டிலும். நேரம் பார்த்தால் லுகருக்கு, அதாவது மதியத் தொழுகைக்குப் பிறகு. பழுது என்ன என்று பார்த்தால் நீளவாட்டில் ஓடுகிற பாவு இழை அறுந்து, முடிந்த இடம் தெரிகிறது. எட்டாம் தறியில் இருக்கிறவர் கை மெத்தனமானவர் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், அவரை ஏசியும் இருக்கிறேன். பிள்ளை ஏழிலும் எட்டிலும் இருந்த இரண்டு பேரையும் ஒரு கிழமைக்கு வேறு தறிகளுக்கு மாற்றி இருத்தியது. பழுது ஆளோடு போகவில்லை, தறியோடேயே நின்றது.

அந்த இரண்டு தறியும் மேற்குப் பக்க ஜன்னலுக்கு நேரே இருக்கின்றன. ஆனி, ஆடியில் இந்தக் கரையில் கச்சான் காற்று அடிப்பது உங்களுக்குத் தெரியும். மலைப்பக்கமிருந்து வருகிற அந்தக் காய்ந்த காற்று பருத்தி நூலின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஈரம் போன நூல் பட்டென்று அறும். உம்மா காலத்துத் தறிச்சாலையில் மேற்கே ஜன்னலே இல்லை. காற்றோட்டம் நல்லது என்று கட்டித் தந்தவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள், நாங்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். பிள்ளை சொல்லி, ஜன்னலில் இரண்டு சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். மதியத்தில் ஒரு தரம் தண்ணீர் தெளிப்போம். ஆவணி மாதக் கணக்கில் ஏழாம், எட்டாம் தறிகளும் மற்றத் தறிகளைப் போலவே ஆகிவிட்டன. செலவு இரண்டு உரச்சாக்கு. ஏச்சு வாங்கினவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நூல் அறையும் அப்படித்தான். நூல் கழிகளை வந்த ஒழுங்கில் சாக்கில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தோம். அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கி நிறம் நிறமாகப் பிரித்தபோது, கடும் சிவப்பு நூல் போதிய அளவு கீழே கிடக்க, அதே சிவப்பைக் கடன்பட்டு இரண்டாம் தரம் வாங்கியிருந்தது தெரிந்தது. அடிச்சாக்கை எலி கடித்திருந்தது. என் கணவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், என் மகள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். இந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "உம்மா, இதை ஒரு ஆள் பெரிய ஆராய்ச்சியாய்ச் செய்திருக்கிறார்" என்றாள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பிக்கிற நிக்கொலஸ் புளூம் என்பவர். இரண்டு கிழமை இரவிரவாக வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினாள். நான் படித்தது ஓ.எல். வரைக்கும்தான், ஆனால் தறி சம்பந்தப்பட்ட கதை எனக்கு விளங்கும்.

புளூமும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008இல் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உமர்காம் பக்கத்து நெசவாலைகளுக்குப் போனார்கள். 17 கம்பனிகளின் 28 ஆலைகள். அவற்றில் 14 ஆலைகளுக்கு ஆலோசகர்கள் ஐந்து மாதம் போனார்கள்: முதல் மாதம் குறை கண்டுபிடிக்க, மிச்ச நாலு மாதமும் கூடவே நின்று திருத்த. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு 6 ஆலைகளுக்கு அந்த முதல் மாதம் மட்டும். அங்கே சொல்லிக்கொடுத்தவை 38 நடைமுறைகள். இயந்திரத்தை உடையமுதல் பார்ப்பது, தரையைக் கூட்டி வைப்பது, பழுதை எழுதி வைத்துக் காரணம் தேடுவது, நூல் கையிருப்பைக் கணக்கெடுப்பது, இப்படி. அந்த ஆலைகளிலும் நூல் கணக்கில்லாமல் குவிந்து கிடந்ததாம். மகள் அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் சிவப்பு நூல்தான் ஞாபகம் வந்தது. முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஆய்வு 2013இல் வெளிவந்தது.

அவை சராசரியாக 270 பேர் வேலை செய்கிற கம்பனிகள், ஆலோசனை கொடுத்தது பெரிய சர்வதேசக் கம்பனி. என்னுடையது எட்டுத் தறி, எனக்கு வந்தது ஒரு பிள்ளையும் ஒரு கொப்பியும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அங்கே முதலாளிமாரிடம், இவ்வளவு இலேசான காரியத்தை ஏன் முன்னமே செய்யவில்லை என்று கேட்டதற்கு வந்த பதிலைப் பாருங்கள். சிலர் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்களும், எங்கள் தரம் பக்கத்து ஆலைக்குக் குறைந்ததில்லை, பிறகென்ன என்றார்கள். நான் 'கொஞ்சம்' என்று சொன்னதும் அதே பதில்தான். ஒரு நாளும் எண்ணாதவளிடம் 'பலவீனம்' என்ற பெட்டியை நிரப்பச் சொன்னால் எதை நிரப்புவாள்?

அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, வாசித்தபோது எங்கள் தறிச்சாலைப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஒரு கம்பனி எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதை மற்ற எதையும்விடச் சரியாகக் காட்டியது, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதாம். வெளியாளை நம்பி ஆலையைக் கொடுக்கமாட்டார்கள், ஆகவே ஆண்பிள்ளை தீர்ந்த இடத்தில் வளர்ச்சியும் தீர்ந்தது. ஜோன் வான் ரீனன் என்பவரோடு புளூம் 2007இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனியில் 732 கம்பனிகளைப் பார்த்து, மூத்த மகன் என்ற ஒரே உரிமையில் கைமாறிய குடும்பக் கம்பனிகளே மோசமாக நடக்கிறவற்றில் அதிகம் என்று கண்டார்கள். எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவின் வீடு எனக்கு வந்தது, வீட்டோடு தறியும் வந்தது. காக்காமார், என் அண்ணன்மார் இரண்டு பேரும் கலியாணம் முடித்து மனைவிமார் வீட்டுக்குப் போனார்கள். ஆகவே மூத்த மகன் வியாதி எங்களுக்கு இல்லை என்று சொல்லிச் சிரித்தோம். வெளியாளை நம்பாத வியாதி நிறைய உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கணக்குக் கொப்பியைக் காட்ட நானே ஒன்றரை மாதம் எடுத்தேன். உங்கள் செயலமர்வு இரண்டு நாள்.

அந்த 732 கம்பனி ஆய்வில் புள்ளி போட்ட விதத்தையும் கேளுங்கள், உங்கள் படிவத்துக்காகச் சொல்கிறேன். 18 நடைமுறைகளைப் பற்றித் தொலைபேசியில் முகாமையாளரோடு கதைக்கிறார்கள். தனக்குப் புள்ளி போடப்படுகிறது என்று முகாமையாளருக்குத் தெரியாது. அந்தக் கம்பனி இலாபத்தில் ஓடுகிறதா, நட்டத்தில் ஓடுகிறதா என்று புள்ளி போடுகிறவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் ஒன்றிலிருந்து ஐந்து. நீங்களும் ஒன்றிலிருந்து ஐந்துதான் கேட்டீர்கள், தேத்தண்ணியும் மாலுபணிசும் தந்த கையோடு.

இயந்திரம் பற்றி ஒரு சொல். எனக்கும் ஒன்று தந்தீர்கள், குறுக்கு நூலைத் தாராக, அதாவது சிறு சுருளாகச் சுற்றுகிற, மோட்டார் பூட்டிய இயந்திரம். கையளிக்கிறபோது படம் எடுத்தீர்கள், நன்றாக விழுந்திருக்கிறது. மூன்றாம் மாதம் மோட்டார் கருகியது. கல்முனையில் திருத்துகிறவருக்கு அதன் பாகம் கிடைக்கவில்லை, உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. இப்போது அதன்மேல் பாய் காயப்போடுகிறோம். உங்கள் ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை. தார் பழையபடி ராட்டில் சுற்றப்படுகிறது.

இனி இரண்டாவது முறைப்பாடு. இதில் அந்தப் பிள்ளைக்குச் சம்பந்தமில்லை, முழுக்க உங்களோடுதான்.

கண்காட்சி ஜூனில் என்று கடிதம் அனுப்பினீர்கள். நாற்பது சாறனுக்கு நூலும் சாயமும் வாங்கினேன், இரண்டு பெண்களைக் கூடுதலாகச் சேர்த்தேன். ஜூன் ஒக்டோபரானது. ஒக்டோபரில் தொலைபேசி எடுத்தால் "இந்த வருசம் இல்லை போல" என்றார்கள். 'போல' என்பது அரசாங்கப் பதிலா? அந்த இரண்டு பெண்களையும் நிற்பாட்டினேன். அதில் ஒருவர் இப்போது குவைத்தில் வீட்டு வேலையில். அதற்கு முழுக்காரணம் நீங்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு காரணம் நீங்கள்.

புளூமின் பெயர் முதலில் பரவியது இந்த நிச்சயமின்மை பற்றிய ஆய்வால்தான் என்று மகள் சொன்னாள். 2009இல் வந்த கட்டுரை. எண்ணெய் நெருக்கடி, செப்டெம்பர் 11 தாக்குதல் போன்ற அதிர்ச்சிகளுக்குப் பிறகு கம்பனிகள் என்ன செய்கின்றன என்று பார்த்திருக்கிறார். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதபோது ஆள் சேர்ப்பதையும் முதல் போடுவதையும் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்போம், பார்ப்போம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் காத்திருக்கப் பொருளாதாரமே படுத்துவிடுகிறது. பிறகு ஸ்கொட் பேக்கர், ஸ்டீவன் டேவிஸ் ஆகியோரோடு சேர்ந்து, பத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் பொருளாதாரம், நிச்சயமின்மை, அரசாங்கக் கொள்கை மூன்றும் ஒன்றாக வருகிற செய்திகளை மாதாமாதம் எண்ணி ஒரு சுட்டெண் செய்தார்கள். அது 2016இல் வெளிவந்தது. அரசாங்கம் என்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் இருப்பதற்கே ஒரு விலை உண்டு என்பதுதான் அதன் சாரம்.

இதை இலங்கைக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2021 மேயில் இரசாயன உரம் இல்லை என்றார்கள், நவம்பரில் கொண்டுவரலாம் என்றார்கள். அதற்கிடையில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வேளாமைக்காரர் பட்ட பாட்டை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். இந்தப் பக்கம் சாறன் விற்பது வேளாமை வெட்டிக் காசு கையில் வரும்போதுதான், வேளாமை விளையாத வருடம் தறியும் ஓடாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. நாலு நாள் கழித்து, 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மேயில் முந்நூற்று அறுபது. பெறுமதி சேர் வரியைப் பாருங்கள்: 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8, 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. நான் அந்த வரிக்குப் பதிந்தவளில்லை. ஆனால் நூல் முதலாளி ஒவ்வொரு தரமும் என்மேல் சுமத்தத் தவறியதில்லை, குறைந்தபோது குறைக்க மறந்ததுமுண்டு.

2022 தையில் ஒரு ஆள் தன் பாவு ஓட்டும் உருளையை நல்ல விலைக்கு விற்க வந்தார். கையில் காசு இருந்தது. பார்ப்போம் என்றேன். பெற்றோல் வரிசையில் நின்ற மாதங்களிலும் பார்ப்போம் என்றேன். கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் பங்கிடுகிற முறை வந்து வரிசை குறைந்தபோது அந்தக் காசு சமையலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. உருளையை வேறு யாரோ விறகு விலைக்கு வாங்கினார்களாம். புளூம் எழுதிய 'காத்திருத்தல்' இதுதான். வட்டியும் டொலரும் உங்கள் கையில் இல்லை, அதற்கு உங்களைக் கேட்கமாட்டேன். கண்காட்சித் திகதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

'புத்தாக்கம்' என்று பதாகையில் எழுதுகிறீர்களே, அதைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். புதிய யோசனைகளைக் கண்டுபிடிப்பது வர வரக் கடினமாகிறது என்பது 2020இல் வந்த ஆய்வு. கணினிச் சில்லில் பழைய வேகத்தைத் தக்கவைக்கவே 1970களின் தொடக்கத்தில் இருந்ததைவிட 18 மடங்கு ஆராய்ச்சியாளர் தேவைப்படுகிறார்களாம். அவர்களுக்கே அப்படியென்றால், இரண்டு நாளில் மருதமுனைக்குப் புத்தாக்கம் வந்துவிடும் என்று பதாகை கட்டாதீர்கள். பழுதை எண்ணுவது புத்தாக்கம் இல்லை. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

செலவு என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை வந்தது பஸ்ஸில். மண்டப வாடகை, விரிவுரையாளரின் வாகனம், தங்குமிடம், இருநூறு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு, பதாகை, பைல், சான்றிதழ் அச்சு, இவற்றையும் அந்தப் பஸ் காசையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்குக் காட்டுங்கள். கணக்குத் தப்பென்றால் பகிரங்கமாகவே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கச் செலவும் இருக்கிறது: நாங்கள் மண்டபத்தில் இருக்கிற இரண்டு நாளும் தறி நிற்கும், துணிக்குக் கூலி வாங்குகிற பெண்களுக்கு அந்த இரண்டு நாளும் வருமானமில்லை.

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. பிள்ளையை மேசை வேலைக்கு மாற்றிய பிறகு எங்கள் கொப்பியும் தளர்ந்துவிட்டது. ஐப்பசியில் ஒழுங்காக எழுதினோம். மார்கழியில் கிழமைக்கு ஒரு தரம். இப்போது 'ஏன்' என்ற கடைசிக் கோட்டுக்குக் கீழே பெரும்பாலும் வெறுமைதான். புளூமும் கூட்டாளிகளும் 2017இல் அதே இந்திய ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, தொடங்கிவைத்த நடைமுறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. முகாமையாளர் மாறிய இடங்களிலும், முதலாளிக்கு நேரமில்லாத இடங்களிலும் விட்டுப்போயிருந்தது. ஆனாலும் உதவி கிடைத்த ஆலைகள் மற்றவற்றைவிட அப்போதும் முன்னுக்கே நின்றன. அவர்களுக்கு ஐந்து மாதம், பெரிய கம்பனியின் ஆலோசகர்கள். அப்படியிருந்தும் பாதி போயிற்று. நாங்கள் தனியே விடப்பட்டால் எவ்வளவு மிஞ்சும்?

2017இல் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. இதை எழுதும்வரை அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. இந்த விஷயத்தைச் சபையில் எழுப்ப எங்களுக்கு ஒரு உறுப்பினர் இல்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன், பகிரங்கமாக எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை.

நேரடி வருகையை நிறுத்திய தீர்மானத்தை வாபஸ் வாங்குங்கள். எல்லாத் தறிச்சாலைக்கும் ஆள் அனுப்பப் பணமில்லை என்றால் பன்னிரண்டுக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து மாதம், கிழமையில் ஒரு நாள், ஒரே ஆள். மாதத்துக்கு ஒரு புது முகத்தை அனுப்பினால் யாரும் கொப்பியைத் திறந்து காட்டமாட்டார்கள். இந்த வருடச் செயலமர்வுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கு மாற்றுங்கள்.

அந்தப் பன்னிரண்டையும் உங்களுக்குத் தெரிந்தவர், வேண்டியவர் என்று பொறுக்காதீர்கள். மருதமுனை மட்டும் வேண்டாம், மட்டக்களப்புப் பக்கத்துத் தறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்தவர்களுக்குள் எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்குங்கள். முதலில் விழுந்தவர்களுக்கு இந்த வருடம், மற்றவர்களுக்கு அடுத்த வருடம். இரண்டு பகுதியிலும் பழுது எவ்வளவு, நூல் விரயம் எவ்வளவு, நெய்கிறவர் கூலி எவ்வளவு என்று அளக்கிற வேலையை ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுங்கள். அளக்கிற பிள்ளைக்கு எந்தத் தறிச்சாலை உதவி பெற்றது என்று சொல்லாதீர்கள். வந்த எண்ணை, அது உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். சீட்டில் என் பெயர் அடுத்த வருடத்துக்கு விழுந்தால் பேசாமல் காத்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தரம் திரும்பி வந்து கொப்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆளும் பணமும் இப்போதே ஒதுக்குங்கள்.

எங்களைக் கேட்காமல் இயந்திரம் வாங்காதீர்கள். வாங்கினால், கல்முனையிலோ மட்டக்களப்பிலோ திருத்த ஆளும் பாகமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். என் வீட்டில் நிற்கிறதைத் திருத்தித் தாருங்கள், அல்லது எடுத்துக்கொண்டு போங்கள்.

கண்காட்சி, கொள்வனவு, கடன் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு ஒரு நாட்காட்டி, பெரும்போக அறுவடைக்கு முன் வெளியிடுங்கள். வெளியிட்டால் மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால் இரண்டு மாதத்துக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள். அதற்குள் நூல் வாங்கியவர்களின் துணியை நீங்களே கொள்முதல் செய்யுங்கள். அந்த நாற்பது சாறனில் பதினேழு இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன.

இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள். அந்தப் பிள்ளை மேசையில் இருந்து என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது, முக்கியமான வேலையாகவே இருக்கட்டும். கிழமையில் ஒரு நாள் மட்டும் விடுங்கள். செவ்வாய்க்கிழமை எட்டரைக்கே தறிச்சாலை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
எட்டுத் தறிக்காரி,
மருதமுனை.